ஓடுமா என்றால் ஓடும்

லிஃப்ட் மெக்கானிக் என்றால் அந்தப் பகுதியில் அவரைத் தெரியாதவர் கிடையாது. எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் கால் மணி நேரத்தில் வந்து நிற்பார். கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும், உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட வெளியே வரும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்று தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள். வேலையில் அப்பேர்ப்பட்ட மனிதர். சொந்த மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஆளே வேறு.

அதை வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. வாங்கும்போதே அது கிழம். ஒரு குட்டி லாரியில் படுத்தபடி வந்து இறங்கியது, அதோடு சரி, சொந்தக் காலில் ஓர் அடி நகர்ந்ததில்லை. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தில் கோடு போட்டு எண் எழுதி வைத்திருந்தார்கள். ஏழாம் எண் இவர்களுடையது. அங்கே வண்டியின் எலும்புக்கூடு மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மற்ற உறுப்புகள் மூன்றாவது மாடியில் குடும்பத்தோடு குடும்பமாக வசித்தன. பெட்ரோல் டேங்க் பீரோவின் தலைமேல். இருக்கை கட்டிலுக்கு அடியில். கார்புரேட்டர் சமையலறை மேல்தட்டில், ஒரு டப்பாவுக்குள். ஒருமுறை விருந்தாளிக்கு பிஸ்கட் நீட்டுவதாக நினைத்துக்கொண்டு மனைவி அந்த டப்பாவைத் திறந்து நீட்டிவிட்டாள். விருந்தாளி மரியாதைக்காக உள்ளே கைவிட்டு, எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்றார்.

மனைவியின் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சின்னக்கா சௌக்கியமா மாமா?" என்று வண்டியைத்தான் விசாரிப்பான். தொடர்ந்து, "ஓடுமா?" என்பான். இவர் கண் இமைக்காமல், "ஓடும்" என்பார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் தமிழுக்குக் கடன்பட்டவர். தினமும் ஓடுகிற வண்டியையும் 'ஓடும்' என்கிறோம். என்றைக்கோ ஓடப்போகிற வண்டியையும் 'ஓடும்' என்கிறோம். பதினொரு வருடம் அந்தச் சந்துக்குள் புகுந்து புகுந்து தப்பித்துக்கொண்டிருந்தார். மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் விசேஷம்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பதினாறு வருட அனுபவம். ஊசி ஏறியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். ஊருக்கு வெளியே இருந்த புதுக் கிளையின் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்துக்கு அவளைக் கேட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவளிடம் தொழில் பழகிய ஒருத்திக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்கூட்டர் நான் வாங்கிக்கறேன். லைசென்ஸ் இருக்கு. நிறுத்த இடம்தான் வேணும்."

"தெருவுல நிறுத்தலாமே."

"நிறுத்தலாம். உங்க வண்டிய நிறுத்துங்க."

அவர் ரசத்துச் சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்கினார். பிறகு, "சரி, வித்துடறேன்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அன்று மாலையே செல்போனில் விளம்பரமும் எழுதிப் போட்டார்.

அங்கேதான் வந்தது வினை. வாழ்நாளில் அவர் எழுதிப் பழகியது ஒரே ஒரு வகைதான். லிஃப்டைச் சோதித்துவிட்டுக் கொடுக்கும் அறிக்கை. விளம்பரமும் கை போன போக்கில் அப்படியே வந்துவிட்டது. "இயந்திரம்: உள்ளது. இயங்குவது உறுதி செய்யப்படவில்லை. முன் பிரேக்: உள்ளது. பின் பிரேக்: தனியே பெட்டியில் உள்ளது. விளக்கு: இல்லை. பரிந்துரை: மறு ஆய்வு வரை பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அனுமதிக்க வேண்டாம்."

மனைவி படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"விக்கப் போறீங்களா, சீல் வைக்கப் போறீங்களா?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்."

திங்களும் செவ்வாயும் போயின. "யாராவது கேட்டாங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ப்ச், ஒருத்தரும் சீந்தல" என்று உதட்டைப் பிதுக்கினார். அது முழுப் பொய். திங்கட்கிழமை காலையிலேயே சோபா தைக்கும் ஒருவர் கூப்பிட்டிருந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று இவர் போனை வைத்துவிட்டார். பதினொரு வருடம் பொய்யே சொல்லாமல் சமாளித்தவர், கடைசியில் இரண்டே நாளில் பெயரைக் கெடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிதாக ஒரு யோசனையும் உதித்தது.

"ஏன், பஸ்லயே போயிடலாமே. முதல் பஸ்ஸப் பிடிச்சா ஆச்சு."

"அப்படியா? நாளைக்கு வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

முதல் பஸ் ஐந்தரைக்கு வந்தது. நடுவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றார்கள். நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் அவர், "இப்ப வந்துடும்" என்றார். அவள் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறே முக்கால். கதவு பூட்டியிருந்தது. தற்காலிகமாக வந்துபோகிறவர் ஏழு மணிக்கு மேல்தான் வருவாராம்.

படிக்கட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் சுவரில் சாய்ந்துகொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் நீலச் சீருடைச் சட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தொறக்கிற ஆள் நீங்கதானா?"

வழக்கமாகச் சொல்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. "வந்துட்டேன்" என்று எப்படிச் சொல்வார்? பூட்டிய கதவு, இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மனிதர்கள். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்பது அவர் தொழிலிலேயே கிடையாது. அவருக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி அதற்குள் அந்த நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அங்கிருந்து நகர்ந்து போய் சோபாக்காரருக்குப் போன் போட்டார்.

சோபாக்காரர் அன்று மாலையே சோபா ஏற்றும் குட்டி லாரியோடு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு.

"உங்க விளம்பரம் படிச்சேங்க. இவ்வளவு குறைய அவரே சொல்றாருன்னா ஏமாத்த மாட்டாருன்னுதான் திங்கக்கிழமையே கூப்பிட்டேன்."

திங்கட்கிழமை என்றதும் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தார்ப்பாயை மடிப்பதில் மும்முரமானார்.

மேலே இருந்த உறுப்புகளையெல்லாம் நான்கு நடையில் கீழே இறக்கினார்கள். எல்லாம் பாலிதீன் உறையில், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சோபாக்காரர் எடுத்து எடுத்துப் படித்தார். "கார்புரேட்டர், சரி செய்யப்பட்டது. செயின், புதிது. பின் பிரேக், சரி செய்யப்பட்டது." எல்லாவற்றிலும் தேதி. கடைசித் தேதிக்கே நாலு வருடம் ஆகியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சிருக்கே. மாட்ட வேண்டியதுதானே பாக்கி? நாலு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தொடச்சு வச்சிட்டிருந்தேன்" என்றார் லிஃப்ட்காரர்.

சோபாக்காரர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். அதனால் இவருக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"ஊர்ல எது நின்னாலும் எனக்குத்தான் போன் வருது. எங்கயாவது ஒருத்தர் மாட்டிக்கிட்டே இருக்காங்க. பிரிச்சுப் போட்ட வண்டின்னா அந்தத் தொல்லை இல்ல. அது யாரையும் நடு வழியில நிறுத்தாது பாருங்க."

"என்னை நிறுத்திடுச்சே" என்றாள் மனைவி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். கையில் ஹேண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் சிரிப்போடு சொன்னாள். ஆனால் அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. சங்கடம் தாங்காமல், கேட்காத இரண்டு ஸ்பேனர்களையும் சேர்த்து சோபாக்காரரின் வண்டியில் ஏற்றினார். "வச்சுக்குங்க, இதுக்குன்னே வாங்கினது" என்றார். வண்டி வாசலைத் தாண்டும் வரை நின்று பார்த்தார். கண் கலங்கத்தான் செய்தது. அதை மறைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை, ஒரு நாள் முன்னதாகவே, அவள் சரி என்று பதில் கொடுத்துவிட்டாள். ஏழாம் எண்ணில் சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஆர்ப்பாட்டம் இல்லாத வண்டி. பட்டனைத் தொட்டால் போதும், ஒரே தொடலில் கிளம்பிவிடும். லிஃப்ட்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

புதுப் பொறுப்பில் முதல் நாள். ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கிளம்பினாள். அவரும் கூடவே கீழே இறங்கி வந்தார். "மெதுவாப் போ", "திருப்பத்துல ஹாரன் அடி" என்று ஏழெட்டு புத்திமதி சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவருக்கு மாடி ஏறவே மனம் வரவில்லை. காலியான ஏழாம் எண்ணில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேர் இவர் வரவுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருக்கும் பக்கம் நின்று அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு நிமிடமும் இழுத்துக்கொண்டு போனது.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"வந்து தொறந்துட்டேன். எல்லாரும் உள்ள வந்து உக்காந்தாச்சு."

"அந்தச் சர்க்கரைக்காரர் வந்திருக்காரா?"

"மறுபடி பாக்கணும்னு வந்திருக்கார், அவருக்குத்தான் முதல்ல எடுக்கப் போறேன். நீங்க இன்னும் கீழதான் நிக்கறீங்களா?"

"இல்லயே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றவர், குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "கிளம்பறப்ப முன்பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டுது. பெருசா ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை அந்தச் சக்கரத்த மட்டும் ஒரு தடவ கழட்டி…"

"என் வண்டியில கை வச்சீங்கன்னா, நடக்கறது வேற" என்றாள் அவள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "வைக்கறேன், இங்க ஆள் காத்துட்டிருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் தனியாக நின்று சிரித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே எடுத்து வந்திருந்த ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.