கண் திறப்பவர்

நான் உள்ளே நுழைந்தபோது குமரகுரு ஒரு செத்த மனிதரின் கண்களைத் திறந்துகொண்டிருந்தார். கணினித் திரை முழுக்க ஒரே முகம். ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தபோது மகன் கைப்பேசியில் எடுத்த படம் அது. உயிரோடு இருந்த நாளில் அவரை ஒரு நல்ல படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. குமரகுரு மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தார். தாடையைக் கட்டியிருந்த துணியை அழித்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டினார். பிறகு மூடிய இமைகளின் மேல் ஒரு ஜோடிக் கண்களைக் கொண்டுவந்து பொருத்தி, “இப்டி பாருங்க பெரியவரே” என்றார். பெரியவர் பார்த்தார்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது அவருடைய கடை. பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் நாள் முழுக்கச் சுவர் வழியாக வரும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடித்துத் தருகிறார். ஆனால் திருப்புட்குழியிலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வருவது கண்ணீர் அஞ்சலிக்குத்தான். ரேஷன் கார்டில் மங்கிப்போன தபால்தலை அளவுப் படத்தைக் கொடுத்தாலும் போதும், ஆறடி உயரத்துக்கு ஆளை எழுப்பி நிறுத்திவிடுவார்.

வயது நாற்பத்தேழு. ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. ‘செத்துப்போனார்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “பஞ்சாயத்துக்காரரு போன வாரம் படத்துக்கு வந்துட்டாரு” என்பார். டீ வந்தால் திரையை அணைத்துவிட்டுத்தான் குடிப்பார். “முகத்துக்கு எதுர்ல வெச்சிக்கினு குடிக்கக் கூடாதுபா. அவங்களுக்கும் தாகம் இருக்குமில்ல?”

அவருடைய கணினியில் ‘கண்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. அதில் அறுபது எழுபது ஜோடிக் கண்கள், கண்கள் மட்டும், வரிசை வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் உயிரோடு இருப்பவர்களுடையவை. “இது பால் பூத்து இளவரசன் கண்ணு. நாலு பேருக்குக் குடுத்திருக்கேன். அவருக்கே தெரியாது.” அவசரத்துக்குத் தன் கண்ணையே படமெடுத்துப் பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் சில வீடுகளைக் கடக்கும்போது கூடத்துப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. “உள்ள மாலைக்கு நடுவுல இருந்து நானே என்னப் பார்க்கறாப்ல இருக்குது.”

இவரிடம்தான் கலைவாணி வந்தார். பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துபவர். ஜெர்மனியில் நாஜிகள் ஆண்ட காலத்தில் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்று குவித்த கதை பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கிறது. பிள்ளைகள் அதை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அதைக் கொஞ்சமாவது உணர வைக்கக் கண்காட்சி நடத்தலாம் என்று கல்வித் துறை சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து உதவி கொடுத்திருந்தது. ஆசிரியர்களுக்குச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. பள்ளிக்கு இருபத்து நான்கு படங்கள். அந்தப் படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார் கலைவாணி.

குமரகுரு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூட்டை முடிச்சுகளோடு ரயிலடியில் நிற்கும் குடும்பங்கள். கூரை உயரத்துக்குக் குவிந்த செருப்புகள். குளிர்கோட்டு போட்ட ஒரு சிறுமி. பிறகு தொழில் வழக்கப்படியே கேட்டார்.

“கீழ ‘துயருறும்’னு போட்டு யார் பேர போடறது டீச்சரம்மா?”

“போட ஆள் இல்ல சார். அவங்க அப்பா, அம்மா, அண்ணன், சித்தி எல்லாரும் அதே வரிசையிலதான் நிக்கிறாங்க.”

இருபத்தாறு வருடத் தொழிலில் அழ ஆளில்லாத படம் ஒன்றுகூட அவர் கைக்கு வந்ததில்லை. அநாதையாகச் செத்தவருக்குக்கூட ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் என்றாவது ஒரு வரி இருக்கும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, முகப்பில் ‘அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்’ என்று பூமாலை போட்ட பேனர் வேண்டும் என்றார். குமரகுரு மறுத்துவிட்டார். “சாவு வூட்ல வரவேற்பு போடுவாங்களா சார்? நீங்களே சொல்லுங்க.”

மை காய்வதற்காகப் படங்களைக் கடைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டார். இடம் போதாமல் சில படங்கள் வாசலுக்கும் வந்தன. படங்கள் அங்கே தொங்கிய மூன்று நாளும் நடந்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். எது கேட்டாலும் உரக்கக் கேட்கும் பூக்காரி தையல்நாயகி குரலைத் தாழ்த்தி, “இத்தினி பேரா? எந்தத் தெருப்பா? எங்களுக்குச் சேதியே வரலயே” என்றாள். வேறு தேசம், எண்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது என்று குமரகுரு சொல்லியும் அவள் நகரவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போனாள். கல்யாணப் பேனர் அடிக்க வந்த விவசாயி ஒருவர் ரயிலடிப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். “இந்தா, தலைல துணி கட்டிக்கினு நிக்குதே, எங்க அக்கா மாதிரியே இருக்குது” என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து போய்விட்டார். பட்டப்பகல், வாகன இரைச்சல், கோயிலுக்குப் போகும் கூட்டம். அதற்கு நடுவே அந்தக் கடை வாசலில் மட்டும் யாரும் உரக்கப் பேசவில்லை.

அச்சடிக்காமல் ஒரு படம் பாக்கி இருந்தது. கோட்டுச் சிறுமியின் படம். மூலத்திலேயே அவள் கண்கள் தெளிவாக இல்லை. தொப்பியின் நிழல் விழுந்து இரண்டு கருப்புக் குழிகளாக இருந்தன. குமரகுருவுக்கு அது பொறுக்கவில்லை. ஏழு வயதுக்குப் பொருந்துகிற கண் கோப்பில் ஒன்றுதான் இருந்தது. அவருடைய மகள் காயத்ரியின் கண், சின்ன வயதில் எடுத்தது. அதை வைத்தார். நிழலுக்கு ஏற்ற மாதிரி மங்க வைத்தார். அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினார்.

இயந்திரம் மேலிருந்து கீழாக, கோடு கோடாகத்தான் அடிக்கும். முதலில் தொப்பி வந்தது. நெற்றி வந்தது. பிறகு கண்கள் வந்தன. அதற்குக் கீழே இன்னும் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேலிருந்து காயத்ரி அப்பாவைப் பார்த்தாள். காயத்ரி அப்போது கல்லூரியில் இருந்தாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் போட்டார். “ஒண்ணுமில்லமா. சும்மாதான். சாப்ட்டியா?” என்று கேட்டார்.

ஆனாலும் அவர் அதை அழிக்கவில்லை. முழுதாக அடித்து முடித்து மாட்டினார். மாலையில் வந்த கலைவாணி அந்தப் படத்தின் முன்னால் நின்றார்.

“இந்தக் கண்ணு யாருது சார்?”

“எம் பொண்ணுது.”

“எடுத்துடுங்க.”

“அந்தக் கொழந்த குருடாட்டம் இருந்துச்சு டீச்சரம்மா. பார்க்கறவங்களுக்கு...”

“இதெல்லாம் நடக்கவே இல்ல, படம் எல்லாம் செட்டப்புன்னு சொல்ற ஆளுங்க இன்னிக்கும் இருக்காங்க. ஒரு கண்ண நாம மாத்தினோம்னு தெரிஞ்சா போதும். இருபத்து நாலும் பொய்யின்னுடுவாங்க. அந்தப் பொண்ணு செத்ததே பொய்யின்னுடுவாங்க.”

குமரகுரு அந்த ஃப்ளெக்ஸ் விரிப்பைக் கழற்றி நான்காகக் கிழித்தார். ‘கண்’ கோப்பைத் திறந்து, அதிலிருந்த காயத்ரியின் கண்களையும் அழித்தார். பிறகு நிழலோடும் குழியோடும் இருந்த பழைய முகத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, முழுதும் வெளியே வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார்.

கண்காட்சி பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் நடந்தது. படங்களை மாட்டிக் கொடுக்கப் போனவர் திரும்பாமல் அங்கேயே சுவரோரம் நின்றார். நானும் போயிருந்தேன். அன்று மின்சாரம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள் வரிசையாக நடந்தார்கள். கலைவாணி ஒவ்வொரு படத்தின் அருகிலும் நின்று, எந்த ஊர், எந்த வருடம், பிறகு என்ன ஆனது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டுச் சிறுமியிடம் வந்ததும் ஜோதிகா என்ற மாணவி நின்றாள். அவள் குமரகுருவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்கிள், எங்க தாத்தாவுக்கு நீங்கதான கண்ணு தொறந்தீங்க?”

“ஆமாம்மா.”

“தாத்தா சாகறப்போ கண்ணு மூடிக்கினு இருந்தாரு. நான் பார்த்தேன். போட்டோல தொறந்து வெச்சீங்க. அப்போ இதுவும் நீங்க செஞ்சதுதான?”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. முப்பது பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

குமரகுரு கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“உங்க தாத்தாவுக்கு வெச்சது என் கண்ணுமா. ஊர்ல நெறைய பேருக்கு அப்டி வெச்சிருக்கேன். இந்தக் கொழந்தைக்கும் வெச்சேன். எம் பொண்ணு கண்ண வெச்சேன். தப்புன்னு டீச்சரம்மா சொன்னாங்க, கிழிச்சிப் போட்டுட்டேன்.” சுவரில் இருந்த படங்களைக் கையால் காட்டினார். “படத்துல பொய் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. என் பொழப்பே அதான். இருபத்து நாலையும் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டேன். இதுல யாரும் கைய வெக்கல. இவங்க இப்டியேதான் நின்னுக்கினு இருந்தாங்க.”

ஜோதிகா மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை நெருங்கிப் போய், அந்த இரண்டு கருப்புக் குழிகளுக்குள் பார்த்தாள்.

அப்போது மின்சாரம் வந்தது. ஹாலில் இருந்த எட்டு விசிறிகளும் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. சுவர்களில் தொங்கிய அத்தனை விரிப்புகளும் ஒரே நேரத்தில் சுவரைவிட்டு எழும்பின. ரயிலடியில் நின்றவர்கள் அசைந்தார்கள். செருப்புக் குவியல் மூச்சு வாங்கியது. கோட்டுச் சிறுமி ஓர் அடி முன்னால் வந்தாள். பெண்கள் பின்வாங்கி ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். விசிறியை நிறுத்தச் சொல்லி யாரோ ஓடினார்கள்.

குமரகுரு ஓடவில்லை. அந்தச் சிறுமியின் படத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துடித்துக்கொண்டிருந்த கீழ்முனையை இரண்டு கைகளாலும் பற்றிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.