முறுக்கச் சொன்னார்கள்

இருநூற்று நாற்பது நூல். ஒவ்வொரு நூலுக்கும் குறைந்தது பத்து முறுக்கு. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, மறுநாள் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும்போதுகூட எரிந்தது. இதை நான் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை செய்தேன். ஏன் செய்தேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். மூத்தவளுக்குப் பாதிக்கு மேல் தெரியும். இளையவள் அப்போது பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அந்தக் கோடை முழுக்க அப்பா சிடுசிடுவென்று இருந்தார் என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கும்.

நான் நெசவுக்காரன் இல்லை. நம் சொந்தத்தில் தறியைத் தொட்டவர் யாருமில்லை. எட்டாவதோடு திருவனந்தபுரத்துக்கு ரயிலேறி வந்தவன். தம்பானூர் லாட்ஜில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு இவற்றுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. பத்து வருஷமாகத் துணியைத் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டே எது எந்த ரகம், எது இன்னும் நாலு சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு துணி எப்படித் துணியாகிறது என்று பார்த்ததே இல்லை.

பார்த்தது கிழக்கேக்கோட்டை மைதானத்தில் நடந்த ஒரு கண்காட்சியில். மேசைமேல் வைக்கிற அளவில் சின்னத் தறி. வார்னிஷ் வாசனை போகாத புதுத் தறி. அதை விற்க வந்த ஆள், சுற்றி நின்றவர்களிடம் வீட்டுக் கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே நெய்தார். துணி அவர் வயிற்றுப் பக்கமாக வளர்ந்து வந்தது. அவர் பார்க்காமல் செய்தாரே, அதுதான் என்னைக் கெடுத்தது. அந்த வருஷத்து போனஸ் தறியாக மாறி ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது.

நம் வீட்டில் வெளிச்சம் வருவது முன்னறை ஜன்னல் ஒன்றில்தான். அதன் கீழே மூத்தவள் படிக்கிற மேசை. அவள் பத்தாம் வகுப்புக்குப் போகிற வருஷம். விடுமுறை தொடங்கியிருந்ததால் மேசையைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலடியில் தறியை வைத்தேன். உங்கள் அம்மா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"இதுல என்ன செய்யப் போறீய?"

"ஒரு துவர்த்து நெய்யப் போறேன்."

"கடையில துண்டு துவர்த்துக்கு என்ன பஞ்சம்? லாட்ஜுல எடுத்து அடுக்குதது போதாதா?"

"என் கையால ஒண்ணு."

அவள் பின்னறைக்குப் போன மேசையை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பள்ளிக்கூடம் தொறக்கன்னைக்குக் காலையில இவ மேசை இந்த ஜன்னலுக்கு வரணும். அதுக்குள்ள ஒரு முழுத் துவர்த்து இதுலேருந்து எறங்கிச்சின்னா, தறி எங்கன நிக்கணுமோ அதுக்கு நான் எடம் பண்ணித் தாரேன். எறங்கலன்னா பரண்ல ஏத்திருங்க. பெறவு எறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். இரண்டு மாசம் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று ஞாபகம்.

தறியோடு இரண்டு பக்கக் காகிதம் ஒன்று தந்திருந்தார்கள். மலையாளத்தில். மலையாளம் நான் நன்றாகப் பேசுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். பத்தி பத்தியாக அச்சடித்திருந்தால் மூச்சு முட்டும். அதனால் மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தாள், நான் செய்துகொண்டே போனேன். நீளவாக்கில் கட்டுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லுக்குள் ஒவ்வொரு பாவு நூலாகக் கோத்து இழுத்து, முன்பக்கத்துக் கட்டையில் கட்ட வேண்டும். அதுவரை வந்ததும் அவள் வாசித்தாள்:

"பாவுநூல் எல்லாம் ஒருபோலெ முறுக்கிக் கெட்டணம்."

"அதாவது?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரி முறுக்கிக் கட்டணும்."

இதில் என்ன சந்தேகம்? நூலை முறுக்குவது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே மாதிரி என்றால் எண்ணிக்கை வேண்டும். நானாகப் பத்து என்று வைத்துக்கொண்டேன். வலது பக்கத்து நூல்களை வலது கையாலும், இடது பக்கத்து நூல்களை இடது கையாலும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி உருட்டிப் பத்துப் பத்தாக முறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் ஆனது. இளையவள் கூடவே எண்ணி, பத்து வரை எண்ணப் பழகிவிட்டாள். அந்தக் கோடையில் தறியால் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

நெய்ய உட்கார்ந்தேன். கைப்பிடியைத் தள்ளினால் பாதி நூல் மேலே எழும்ப வேண்டும், அந்த இடைவெளியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடாக்கட்டை போக வேண்டும். நாலு விரல் நீளத்துக்கு மேல் துணி வரவில்லை. வலது பக்கத்து நூலெல்லாம் சுருட்டை முடி மாதிரி சுருண்டு, பக்கத்து நூலைப் பிடித்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. இடது பக்கத்து நூல் அதற்கு நேர்மாறு. அச்சு இரண்டு தரம் உரசியதும் பஞ்சாகப் பிரிந்து, சத்தமில்லாமல் அறுந்தது. ஒரே கண்டில் வாங்கிய ஒரே நூல், ஒரு பக்கம் ரௌடி, ஒரு பக்கம் நோயாளி.

முதலில் நூல் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. பழவங்காடியில் கோவிலுக்கு முன்னால் தேங்காய்ச் சில்லை மிதிக்காமல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டேன்.

"அண்ணாச்சி, இதே நூலத்தான் எல்லாரும் கொண்டு போறாங்க. ஒருத்தரும் திரும்பி வரல" என்றார் அவர்.

"பாதி நூல் மக்கிப் போச்சு."

"எந்தப் பாதி?"

"எடது பக்கத்துப் பாதி."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு கண்டு எடுத்துத் தந்தார். மறுபடியும் இருநூற்று நாற்பது. மறுபடியும் பத்துப் பத்து. மறுபடியும் அதே.

சரி, தெரிந்தவரைக் கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலராமபுரத்துக்கு பஸ் ஏறினேன். நெசவுத் தெருவில் வேட்டி நெய்துகொண்டிருந்த ஒருவரிடம், நான் நெய்த நாலு விரல் துணியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதைத் துணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பாவு முறுக்கியில்லே?"

"முறுக்கினேனே, சேட்டா."

"போரா. இனியும் முறுக்கணும். நல்லோணம் முறுக்கணும்."

போதாது, இன்னும் நன்றாக முறுக்க வேண்டும் என்கிறார். கும்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு ஒரே மனநிறைவு. நோய் என்ன என்று தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவிழ்த்து, பத்தைப் பதினைந்து ஆக்கினேன்.

அந்த மூன்றாவது பாவை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இடது பக்கம் கட்டும்போதே கையோடு வந்தது. வலது பக்கத்தில் கொஞ்சம் தளர்த்தினால் போதும், நூல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு புழு மாதிரி நெளிந்தது. அடுக்களையிலிருந்து உங்கள் அம்மா, "இன்னைக்கு எத்தனை வெரல்?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் நாடாக்கட்டையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அதன் முனை சிதைந்தது. இளையவள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பிள்ளை ஒளிகிற அளவுக்கு ஒரு பொழுதுபோக்கு. முனையை மணல் தாளால் தேய்த்துச் சரிப்படுத்தினேன். இளையவளே, உன்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அது தப்பு.

மே மாசக் கடைசி வந்தது. இடி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் திறப்பது திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சேச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் ஜன்னல் கம்பிக்கும் நம் வாசல் தூணுக்கும் நடுவில் கட்டின இரட்டைக் கொடிக்கயிறு, ஈரத் துணியின் பாரத்தில் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"சேட்டா, ஈ அய ஒந்நு முறுக்கித் தரோ?"

அய என்றால் கொடிக்கயிறு, அது தெரியும். உடைந்த குடையின் பிடி ஒன்று மூலையில் கிடந்தது. அதை இரண்டு கயிற்றுக்கும் நடுவில் செருகி முறுக்கினேன். கயிறு விறைத்துக்கொண்டு மேலே ஏறியது.

"அய்யோ, பிரிக்கண்டா சேட்டா! முறுக்கியா மதி!"

"நான் எங்க பிரிக்கேன்? முறுக்கத்தானே செய்யுதேன்!"

"இது பிரிக்கல் அல்லே? முறுக்கானா பறஞ்ஞது, முறுக்கான்!"

"முறுக்கிக்கிட்டுத்தானே இருக்கேன், சேச்சி!"

படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்த மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அவங்க பிரிக்காதீங்கன்னு சொன்னா, முறுக்காதீங்கன்னு அர்த்தம். முறுக்குன்னு சொன்னா, இழுத்து இறுக்கிக் கட்டுன்னு அர்த்தம். முறுக்குன்னா முறுக்குறது இல்லப்பா!"

அதற்குள் சேச்சியே ஜன்னல் பக்கத்து முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்து, திரும்பக் கட்டிவிட்டார்கள். கயிறு நேராக நின்றது. அதில் ஒரு முறுக்குகூட இல்லை.

திருவனந்தபுரத்துக்கு வந்து எத்தனையோ வருஷம். ஸ்குரூவை முறுக்கு என்பார்கள், முறுக்குவேன். குழாயை முறுக்கு என்பார்கள், முறுக்குவேன். இரண்டும் முறுக்கினால் இறுகும். அதனால் அவர்கள் சொல்வதும் நான் கேட்பதும் வேறு வேறு என்று தெரிய ஒரு வழியே இல்லாமல் போயிற்று. நூலில் வந்துதான் அது வெளிப்பட்டது: வலது கை உருட்டியது நூலில் ஏற்கெனவே இருந்த முறுக்கோடு சேர்ந்துகொண்டது, இடது கை எதிர்ப்பக்கம் உருட்டி அந்த முறுக்கையே பிரித்துவிட்டது.

குடைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்: "அப்போ அந்தக் காகிதத்துல போட்டிருந்தது?"

அவள் சிரிப்பு நின்றது.

"நீ பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்."

"நான் ஒவ்வொரு நூலா முறுக்குனதப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"பெறவு ஏன் சொல்லல?"

"நெசவுல அப்பிடியும் ஒண்ணு உண்டு போலன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

அவள் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். காகிதம் சரி. பாலராமபுரத்துக்காரர் சொன்னது சரி. நூல் சரி. பிள்ளை சொன்னதிலும் தப்பில்லை. கோபப்பட ஒரே ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவும் முடியவில்லை.

"ரெண்டு மாசமா முறுக்கு முறுக்குன்னு இருந்ததுக்கு, பேசாம முறுக்கு சுட்டிருந்தா பிள்ளைகளாவது தின்னுருக்கும்."

இரண்டு நாள்தான் மிச்சம். பாவு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, சனிக்கிழமை லீவு சொல்லிப் பழவங்காடிக்கு ஓடினேன். கடைக்காரர், "இந்த நூலாவது பிடிக்குமா அண்ணாச்சி?" என்றார். "நூல் எல்லாம் நல்ல நூல்தான்" என்றேன். 

சனிக்கிழமை முழுக்கக் கோப்பதிலும் கட்டுவதிலும் போயிற்று. இந்தத் தடவை மூத்தவள் எதிரில் நின்று ஒவ்வொரு கொத்தையும் இழுத்துப் பிடித்தாள், நான் முறுக்காமல் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பிடியைத் தள்ளினேன். பாதி நூல் மட்டும் சுத்தமாக மேலே எழும்பியது. நாடாக்கட்டை தடங்கலில்லாமல் மறுபக்கம் போய் விழுந்தது. அவ்வளவு எளிதாகப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரலிலேயே இப்படிப் போயிருக்க வேண்டியது.

கை பழகாததால் ஓரம் ஒரு பக்கம் உள்ளே போயிற்று. அதைச் சரிசெய்தால் மறுபக்கம் வெளியே வந்தது. பிரித்தேன், நெய்தேன். திங்கட்கிழமை காலை, மழை கொட்டுகிறது, மூத்தவள் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறாள், தறியில் இருந்தது ஒரு சாணும் நாலு விரலும்.

உங்கள் அம்மா வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். நான் லாட்ஜில் விரிப்பைத் தடவுகிற மாதிரியே தடவினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது துவர்த்தா?"

"இல்ல."

"அப்போ ஏத்துங்க."

இன்னும் ஒரு வாரம் என்று கேட்டிருந்தால் தந்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. சரி என்று சொன்னது நான்தான். துணியை வெட்டாமல், நாடாக்கட்டையை அதன்மேலேயே வைத்து, தறியைத் தூக்கிப் பரணில் ஏற்றினேன். மேசை ஜன்னலுக்கு வந்தது. பரண் சரிவாக இருந்ததால் தறி நழுவிவிடாமல் ஒரு கயிற்றைச் சுற்றி உத்தரத்தோடு கட்ட வேண்டியிருந்தது. ஸ்டூல்மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கயித்த நல்லா முறுக்குங்க. இல்லன்னா விழுந்துரும்."

"எந்த முறுக்கு?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "ரெண்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றை இழுத்து இறுக்கினேன். பிறகு அந்தக் குடைப்பிடியை எடுத்துத் தரச் சொன்னேன்.