இருபத்துமூன்று பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

அன்று காலை மக்காச்சோளம் அடிக்கும் மெஷினுக்கு பெல்ட் மாற்றினோம். அப்பா இழுத்துப் பிடித்தார், நான் போல்ட்டை முறுக்கினேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

கை துடைக்கும்போது அவர் போனுக்கு மெஷின் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. கம்பெனியின் இணைய மன்றத்தில் இருந்தவர்களின் விவரங்கள் வெளியே போயிருக்கலாமாம்.

என் அப்பா வீரமுத்து பத்தாவது ஃபெயில். பெரம்பலூர் பக்கம் இருபது வருடமாகக் கதிரடிக்கும் மெஷின் ஓட்டினார். அந்த மன்றத்தில் யாராவது சல்லடை அடைக்கிறது என்று எழுதினால், போட்டோவோடு முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும்.

எனக்குச் சென்னையில் கணினிப் பாதுகாப்பு வேலை. கசிந்த பட்டியல் எங்கள் ஆபீஸுக்கு ஆய்வுக்கு வந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்து அதில் அப்பா பெயரைத் தேடினேன். பக்கத்திலேயே பாஸ்வேர்டு, எந்த மறைப்பும் இல்லாமல். எங்கள் டிராக்டர் நம்பர்.

"இது டிராக்டர் மூஞ்சியிலேயே எழுதியிருக்கேப்பா."

"மறக்காதுல்ல" என்று சிரித்தார்.

"வேற எங்கயாவது இதையே போட்டிருக்கீங்களா?"

சிரிப்பு நின்றது. "நம்ம ராசாங்கம் மாமா மெயிலுக்கும் அதான், பாப்பா. எல்லாருக்கும் அதான்."

மன்றத்தில் சேர மெயில் வேண்டும். மெஷின் வாங்கிய இருபத்துமூன்று பேருக்கு அப்பாதான் மெயில் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். மறந்துபோய்க் கேட்டால் சொல்ல வசதியாக, மெயிலுக்கும் மன்றத்துக்கும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

ராசாங்கம் மாமாவைக் கூப்பிட்டோம். "ரெண்டு நாளா மெயிலு தொறக்கல மாப்ள. நீதான் மாத்திட்டேன்னு நெனச்சேன். பட்டா, எம்பொண்ணு வளைகாப்பு படம் எல்லாம் அதுலதான் கெடக்கு."

அப்பா களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எவனோ எங்கயோ இருந்துகிட்டு, நான் குடுத்த சாவியால ராசாங்கம் வூட்டத் தொறந்துட்டானா?"

"தப்பு கம்பெனி மேலப்பா."

"கம்பெனி மூஞ்சிய யாரு பாத்தா? எம்மூஞ்சியப் பாத்துல்ல நம்புனாங்க."

எல்லாரையும் போனில் கூப்பிடுவோம் என்றேன். "போன்ல பாஸ்வேர்டு பேசக்கூடாதுன்னு நீதான சொல்லுவ. நேர்ல போறேன்" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர்களை எழுதினார். நான் சாயங்காலம் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் பைக்கிலேயே சுற்றினார். அவரவரையே மாற்றச் சொல்லி, அவர்கள் தட்டும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். "என்னண்ணே, புதுப்பொண்ணாட்டம் திரும்பி நிக்கிறீங்க?" என்று இருசம்மாள் அத்தை கேலி செய்திருக்கிறார். அப்பா சாவுக்கு வந்தபோது அத்தையே சொல்லி அழுதார்.

மூன்றாம் நாள் காலை பைக்கை உதைத்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அவருக்கு மாத்திரை என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்த நேரத்தில் நான் ஆபீஸில் அதே பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலண்டர் தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. இருபத்தொரு டிக். ராசாங்கம் மாமா பெயருக்கு நேரே "போச்சு" என்று எழுதியிருந்தார். கடைசிப் பெயர் குஞ்சம்மாள், ஊர் மீன்சுருட்டி. அதற்கு நேரே ஒன்றுமில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா போனில் அவர் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டேன். வீரமுத்து மகள் பேசுகிறேன் என்றதும் அந்தம்மா முந்திக்கொண்டார்.

"அப்பாவ வரச் சொல்லும்மா. அன்னிக்குக் காலையில வரேன்னாரு, ஆளையே காணும். அவரு வராம எதையும் தொடக்கூடாதுன்னு மெயில தொறக்காம அப்புடியே வச்சிருக்கேன்."