மச்சாள் படித்த ஆங்கிலம்

கருவாடு காய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், என் அண்ணனின் மனைவி, எங்கள் மச்சாள், ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சினிமா வில்லனைப் போல ஒற்றைப் புருவத்தை உயர்த்தியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “இது என்ன, சொல்லு பாப்பம்?” என்றார். “சினிஸ்டர்” என்றேன். “ஓம். வெளியில சிரிப்பான், மனசுக்குள்ள கத்தி தீட்டுவான்.”

மச்சாள் ஒரு தாதி. வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றிருந்தார். புயலில் அண்ணனின் படகு உடைந்தபின் குடும்பமே அவரை நம்பித்தான் இருந்தது. அகராதியில் காலையில் பாடமாக்கிய சொல் மாலையில் மறந்துபோய்விடும். ஒருநாள் தொலைக்காட்சித் தொடரில் மாமியார் வருமுன்னே இசை திடும் திடுமென்று முழங்கியது. “எடியே, இதுதான் ஓமினஸ்! கெட்டது வரப்போகுதெண்டு முன்னுக்கே சொல்லுது!” என்று துள்ளினார். அன்றிலிருந்து படங்களே எங்கள் பாடம். சண்டைக்குத் தள்ளிவிட்டால் முன்னே ஓரடி வைத்துப் பின்னே ஈரடி போகும் நகைச்சுவை நடிகர் ‘ரிலக்டன்ட்’. முதல் காட்சியிலேயே ஊருக்கு அள்ளிக் கொடுக்கும் கதாநாயகன் ‘பெனவலன்ட்’. “படம் பாத்து ஆராவது சோதினை பாஸ் பண்ணினவையோ?” என்றார் அப்பா. மச்சாள் என் காதோரம், “ஸ்கெப்டிக்கல்” என்றார்.

மூன்றாம் முறை கொழும்பில் வாய்மொழிப் பரீட்சை. மிகவும் பயந்த நாளைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். அண்ணன் கரை திரும்பாத அந்தப் புயல் நாளைச் சொன்னார். வானம் ஓமினஸ். தேடிப் போக எல்லாரும் ரிலக்டன்ட். கடைசியில் மச்சாளே ஒரு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் ஆண்கள் கடலில் இறங்கினார்கள். உடைந்த பலகையைப் பிடித்தபடி மிதந்த அண்ணனை மீட்டார்கள். “சொல்லைத் தேடவே இல்லையடி. படம் ஓடினமாதிரித் தானா வந்துது” என்றார்.

முடிவு வந்த அன்று அப்பா ஒழுங்கை முழுக்கக் கேட்க வெடி கொளுத்தினார். அடுத்த ஞாயிறே எல்லோரையும் மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

இப்போது மச்சாள் இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நோயாளர் விடுதிக்குப் பொறுப்பான தாதி. அண்ணனும் பிள்ளைகளும் அங்கேதான். போன கிழமை தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “என்ர இங்கிலிஷைக் கேட்டிட்டு, எங்க படிச்சனீங்கள் எண்டு பெரிய டொக்டர் கேட்டவர். ஓலைத்தொடுவாயில எண்டனான். அது நல்ல யுனிவேர்சிற்றியோ எண்டு கேக்கிறார்!”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“திறமான யுனிவேர்சிற்றி எண்டு சொன்னனான்.”