சரண்யா சண்டை போடாத வாரம்

“கட்டி என் மாருல. சேதி மட்டும் எம் மவன் காதுலயா?”

தனம் இப்படிக் கேட்டதும் அந்த இளம் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வெளியே வரிசை வராந்தா முழுக்க நின்றது. “கூட யாரும்மா வந்திருக்காங்க? அவங்களக் கூப்பிடுங்க” என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பொம்பிளை தனியாக வந்தால் எல்லாரிடமும் சொல்வதுதான்.

“நாந்தான் வந்திருக்கேன். என்னியக் கூட்டியாந்ததும் நாந்தான்.”

“உங்க பையன் சொல்ல வேணாம்னாரும்மா. நீங்க பயந்துடுவீங்கன்னு...”

“நோவு எனக்கு, பயம் அவனுக்கா? செவுளத் தூக்கிக் காட்டு டாக்டரே. நான் பாத்துக்கறேன்.”

செவுளைத் தூக்கிக் காட்டுவது தனத்தின் தொழில்முறை. தேவனாம்பட்டினத்திலிருந்து அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்ச் செம்மண்டலத்துத் தெருக்களில் மீன் விற்கிறவள். வயது ஐம்பத்தெட்டு. வாங்குகிறவர்கள் மீனை அமுக்கிப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவாள். அவளே செவுளைப் பிரித்து அவர்கள் மூக்கருகே நீட்டுவாள். முதல்நாள் மீன் என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். “நேத்துப் புடிச்சது. கொழம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது. வேணும்னா வாங்கு, இல்லன்னா கதவச் சாத்து.” இப்படிப் பேசியும் கூடை காலியாகத்தான் திரும்பும். அவள் வாய்க்குப் பயந்து வாங்குகிறார்கள் என்பது மருமகள் சரண்யாவின் கட்சி.

மாமியாரும் மருமகளும் சண்டை போடாத நாள் கிடையாது. பெரிய விஷயம் எதுவும் இருக்காது. உப்பு, குடத்து மூடி, டிவி சத்தம். தெருவே கேட்கும். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கும் பழகிவிட்டது.

இடது மார்பில் கட்டி என்று போனபோது ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மகன் சுரேந்தர் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தான். “வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா.” தனம் நம்பிவிட்டாள். அவன் முகம் வாடியிருந்ததுதான். ஆனால் வலையில் மீன் விழாத நாளிலெல்லாம் அது அப்படித்தான் இருக்கும். காட்டிக்கொடுத்தது சரண்யா. அவள் சண்டையை நிறுத்திவிட்டாள்.

“அத்த, நீங்க ஒக்காருங்க, நான் தண்ணி புடிச்சாறேன்” என்றாள். பத்து வருஷமாக ‘நீ’யாக இருந்தவள் திடீரென்று ‘நீங்க’ ஆனாள். வஞ்சிரத் தலை அவள் தட்டிலிருந்து தனத்தின் தட்டுக்கு வந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் தனம். பிறகு ஒரு காலையில், மருமகள் அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் மீன் கழுவின தண்ணியை வேண்டுமென்றே கொட்டினாள். சரண்யா துணி எடுத்துவந்து துடைத்தாள். குனிந்த தலை நிமிரவேயில்லை.

“அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சி” என்பாள் தனம். “இவளே வாய மூடிக்கினான்னா நம்ம கத முடிஞ்சிதுன்னு இல்ல அர்த்தம்?”

மறுநாள் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டர் சொன்னார். புற்றுநோய். மார்பை எடுத்துவிட்டு மருந்தும் ஏற்றினால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் பரவும். மகன் ஆபரேஷன் வேண்டாம், பச்சிலை வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனதையும் மறைக்கவில்லை. தனம் அழவில்லை. “எடுத்துட்டா எப்ப கூடை தூக்கலாம்?” என்றாள். அக்குள் பக்கத்திலும் அறுக்க வேண்டியிருக்கும், கை வீங்கும், இனிமேல் பாரமே தூக்கக் கூடாது என்றார் அவர். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

“மாரு போனா போவுது. புள்ள குடிச்சி முடிச்சி முப்பது வருசமாச்சி. என் கூடைல்ல போவுது!”

வராந்தா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போய், “வெட்டிடு” என்றாள்.

வீட்டில் சுரேந்தர் குதித்தான். “யாரக் கேட்டு நீ போன?”

“நீ யாரக் கேட்டுடா மறைச்ச?”

அவன் அப்பா கோவிந்தசாமி ஆபரேஷனுக்கென்று நடந்து போனவரைப் பிணமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகனுக்கு அந்தப் பயம். அழுதுவிட்டான். “நீ பயந்துடுவன்னுதாம்மா...”

“பயந்தேன்டா. பயந்துக்கினேதான் சரின்னுட்டு வந்தேன்.”

ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் பக்கத்துக் கட்டில் விருத்தாம்பாளுடையது. கரும்புக் காட்டில் வேலை செய்த உடம்பு, அதே நோய். அவளுடைய மகன் அறிவழகன் தனத்தைத் தனியாகப் பார்த்துக் கும்பிட்டான். “எங்கம்மாவுக்குத் தெரியாதும்மா. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க.” தனத்தின் வாய் அதற்குள் வார்டு முழுக்கப் பிரசித்தம். அவள் நேரே விருத்தாம்பாளிடம் போய் உட்கார்ந்தாள்.

“ஒனக்கு என்னா வந்திருக்குன்னு தெரிஞ்சிக்கணுமா?”

விருத்தாம்பாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வேணாம் தனம். எம் புள்ளைக்குத் தெரியுமில்ல, போதும்.”

“சரி.”

அவ்வளவுதான். வாய் ஓயாத அந்த மனுஷி, இருந்த நாளெல்லாம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விருத்தாம்பாளுக்குத் தலை வாரிவிட்டாள், சங்கராக் குழம்புக்கு எவ்வளவு புளி என்று அவளோடு தர்க்கம் பண்ணினாள். கிளம்பும்போது மட்டும் அறிவழகனைக் கூப்பிட்டாள். “இன்னிக்கி வேணாங்குது. நாளைக்கிக் கேட்டுச்சின்னா மறைக்காத. மறைச்சன்னு தெரிஞ்சிது, வந்து ஒதப்பேன்.”

மருந்து ஏற்றி முடிந்து, கொட்டிய முடி கொஞ்சம் முளைத்துவிட்டது. ரவிக்கையில் வைத்துக்கொள்ளப் பஞ்சு தைத்துத் தருகிறேன் என்றவர்களை விரட்டிவிட்டாள். “மீன் வாங்க வர்றவ மீனப் பாக்கட்டும்.” ஆனால் சரண்யா மட்டும் இன்னும் ‘நீங்க’விலேயே இருந்தாள். அதுதான் தனத்துக்குத் தாங்கவில்லை. “இன்னும் என்னியப் பாதி செத்தவளாட்டமே பாக்குது.”

போன மாதம் ஒரு சாயங்காலம் தெருமுனையில் கிறீச்சென்று சத்தம். செம்மண்டலத்தில் மீன் வாங்கும் ஒரு வீட்டில் பிள்ளை வளர்ந்துவிட்டதென்று விற்ற குழந்தைத் தள்ளுவண்டியை, அன்னக்கூடையை அதில் உட்காரவைத்து, தனம் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். சரண்யா வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“புள்ள ஒக்கார்ற வண்டியில மீனா? ஊரே சிரிக்கும்! இந்தச் சக்கரம் கெழக்கால போவுது, அது மேக்கால போவுது. எவ ஒன் தலையில கட்டுனா? என்னா குடுத்த நீ?”

குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனம் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சுகமாக நீட்டிக்கொண்டாள்.

“கேக்கறன் இல்ல? என்னா குடுத்த?”

“எண்ணூறு.”