பயிற்சி பெற்ற இடம்

அமலராணி உடம்பு பிடித்து விடுகிறவள். குடியிருந்தது திருச்சி பாலக்கரையில், பிழைப்பு ஸ்ரீரங்கத்தில். காலைப் பூசை முடிந்த கையோடு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், மத்தியானத்துக்குள் நாலு வீடு. வாதத்தில் விழுந்த பெண்கள், மூட்டுப் பிடித்துக்கொண்ட பெண்கள், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இடுப்பே நேராகாத பெண்கள். எண்ணெயைச் சூடு பண்ணி நீவ ஆரம்பித்தாளானால், ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவள் போனபிறகு தலைக்குக் குளிப்பார்கள். எண்ணெய்க்காகக் குளித்தார்களா, அவள் தொட்டதற்காகக் குளித்தார்களா என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

புருஷன் இன்னாசிராஜ் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்து, 1974-இல் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அப்போது மகள் டோரதிக்கு எட்டு வயசு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் பத்து விரலை நம்பித்தான்.

"இந்தக் கைப்பக்குவம் எங்கேர்ந்து வந்தது?" என்று யாராவது கேட்டால், "எங்க அத்தைகிட்ட பழகினதுங்க" என்பாள். அப்படி ஓர் அத்தை பிறக்கவே இல்லை. பதினேழு வயசில், வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல், மண்ணச்சநல்லூரையும் தாண்டி இருந்த ஒரு தொழுநோய் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே ஒரு பெல்ஜியம் சிஸ்டர் இருந்தார். மடங்கிப்போன விரல்களை வெந்நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். எட்டு வருஷம் அதுதான் வேலை. கல்யாணம் ஆகிப் புறப்பட்டபோது, அந்த எட்டு வருஷத்தையும் ஒரு தாளில் டைப் அடித்து முத்திரை குத்திக் கொடுத்தார். இன்னாசிராஜ் அதை ஒரு தடவை படித்துவிட்டு, "இதைப் பெட்டியிலேயே வச்சிரு அமலா, யார்கிட்டயும் காட்டாதே" என்றான். அவளும் காட்டவில்லை. பெற்ற மகளிடம்கூட.

ஊர் உலகத்துக்கு அது நோய் வந்தவர்களின் இடம், அவ்வளவுதான். அங்கே போய்க் கைநீட்டிச் சம்பளம் வாங்கினவளுக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

1981-இல் அந்த உத்தரவு வந்தது. எங்கோ ஒரு பெரிய ஊரில், ஏதோ ஒரு லாட்ஜில், 'மசாஜ்' என்று போர்டு மாட்டிவிட்டு வேறு வியாபாரம் பண்ணிப் பிடிபட்டார்களாம். பண்ணினவன் நாலு நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். பிடரியைப் பிடித்தது நாடு முழுக்க நியாயமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைத்தான். சம்பளத்துக்கு இன்னொருவர் உடம்பைப் பிடித்துவிடும் எவரும் மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதை அவளுக்குப் படித்துச் சொன்னவர் ஸ்ரீநிவாசவரதன். கிழக்கு உத்திர வீதிக்காரர்; கெஜடட் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி ரங்கநாயகிக்கு இடது பக்கம் வாதம். அமலராணி ஐந்து மாதமாக அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் நாள் அந்தக் கை, உள்ளங்கைக்குள் நகம் பதிந்து புண்ணாகிற அளவுக்கு இறுகியிருந்தது. இப்போது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் நிமிர்ந்துவிட்டன. ரங்கநாயகி தானாகவே ஒரு துளசி இலையைக் கிள்ளிவிட்டாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்து அமலராணிக்கும் கண் கலங்கிவிட்டது.

"லைசென்ஸ் இல்லாம ஒரு உடம்பைத் தொட்டா கேஸ் போடுவா, அமலா. ஆத்துல விட்டவாளும் ஜவாப் சொல்லணுமாம். சட்டுனு எடுத்துடு" என்றார் அவர்.

லைசென்ஸுக்கு இரண்டு வழி இருந்தது. ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு வருஷமாவது பயிற்சி பெற்ற சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால், அவளிடம் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஐந்து கௌரவமான மனிதர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அமலராணி இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கௌரவமான மனிதர்கள்தானே.

முதலில் ஸ்ரீநிவாசவரதனையே கேட்டாள். வீதியில் பாதிப் பேருடைய மார்க் ஷீட்டில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல குடுக்கறதுன்னா யோசிக்கணும். மாமியை ஒருத்தி தொட்டு வைத்தியம் பண்றான்னு சர்க்கார் ஃபைல்ல ஏறணுமா? வேற யாராவது தராளா பாரேன்" என்றார். வேறு யாராவது என்று அவள் தேடிப்போன இடமெல்லாம் இதே கதை. வக்கீல் வீட்டம்மா, "எனக்கு இடுப்பு வலிங்கறது ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று சிரித்து மழுப்பினாள். திருவானைக்காவல் டீச்சர், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், அந்த வாரத்திலிருந்து கதவையே திறக்கவில்லை. உடம்பைக் கொடுக்கத் தயங்காதவர்கள், ஒரு கையெழுத்தைக் கொடுக்க அப்படித் தயங்கினார்கள்.

கடைசியில் பாலக்கரைக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். பங்குச்சாமியாரிடம் போய் ஒரு கடிதம் வாங்கினாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, வேலையா, ஆஸ்பத்திரியில் பெட்டா, எல்லாவற்றுக்கும் பங்குச்சாமியார் கடிதம் ஒன்றே போதும் என்பது அந்தத் தெருவின் விசுவாசப் பிரமாணம். சாமியாரும் மனசார எழுதிக்கொடுத்தார்.

லைசென்ஸ் ஆபீஸில் இருந்த கிளார்க் பேர் பெரியண்ணன். கெட்ட மனுஷன் இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"தினம் பூசைக்கு வர்றவங்க, நல்லொழுக்கம் உள்ளவங்க, மாதா சபையில மெம்பர். எல்லாம் சரிம்மா. இதுல உங்க ஆத்துமாவைப் பத்தி எழுதியிருக்கு. கையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். அமலராணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

அந்த ஒன்பது நாளில் ஆறு நாள் அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடந்த சண்டையிலேயே போயிற்று. டோரதி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த மாசமே அவளை நிறுத்த வேண்டும். போலீஸ் பிடித்தால் அதைவிடக் கேவலம். லாட்ஜ் கேஸோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். ஏழாம் நாள் மகள் பள்ளிக்கூடம் போனபிறகு பெட்டியைத் திறந்தாள்.

பெரியண்ணன் தாளை வாங்கிப் படித்தான். பாதியில் நிறுத்தி, தாளை மேஜைமேல் வைத்துவிட்டு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மீதியைக் குனிந்து படித்தான். பென்சில் முனையால் தாளைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான்.

"எட்டு வருஷ சர்வீஸு. இதைத்தாம்மா கேட்டோம். இதை வச்சுக்கிட்டு ஏன் இத்தனை நாள் அலைஞ்சீங்க?"

கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். பதில் அவன் வேட்டியிலேயே இருந்தது.

"அந்த இடத்துப் பேரைப் போடாம குடுக்க முடியாதுங்களா?"

"ஃபாரத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. காலியா விட்டா மேல கையெழுத்துப் போட மாட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

இரண்டு மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது. போட்டோ ஒட்டி, வட்ட முத்திரை குத்தி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. 'பயிற்சி பெற்ற இடம்' என்ற கட்டத்தில் மட்டும் டைப் அடித்தவன் சுருக்கவே இல்லை. இல்லத்தின் முழுப் பேர், அது யாருக்கான இல்லம், எந்த ஊர் என்று எழுத்து எழுத்தாக அடித்திருந்தான். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாள். கேட்டால்தானே காட்ட வேண்டும்? நாலு மாதம் யாரும் கேட்கவில்லை. அந்த நாலு மாதத்தில் ரங்கநாயகியின் நாலாவது விரலும் நிமிர்ந்தது. சுண்டுவிரல் ஒன்றுதான் பாக்கி.

கேட்டது ஸ்ரீநிவாசவரதன்தான். அன்றைய பேப்பரில், லைசென்ஸ் இல்லாத ஆளை வைத்துக்கொண்ட ஒரு வீட்டுக்காரருக்கு அபராதம் என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்.

"லைசென்ஸ் வந்துடுத்தோன்னோ? கொண்டா பார்ப்போம். நம்ம ஆத்துலயும் ஒரு நகல் இருக்கட்டும்."

"வீட்ல இருக்குங்க ஐயா" என்று சொல்லியிருக்கலாம். மடியில் ரங்கநாயகியின் கை, தன் கையெல்லாம் எண்ணெய். பார்வை தன்னை அறியாமல் பையின் பக்கம் போய்விட்டது. "பையில இருக்கா? நீ எழுந்திருக்க வேண்டாம், நானே எடுத்துக்கறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

எதையும் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். பேர், வயசு, விலாசம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், அந்தக் கட்டத்தையும் பாதி படித்துவிட்டார். மீதிப் பாதியை முழுங்கினார். முழுங்கி என்ன ஆகப்போகிறது? ரங்கநாயகிக்கு அந்தப் பாதியே போதும்.

மடியிலிருந்த கை விருட்டென்று பின்வாங்கிற்று. வாதம் வந்த பிறகு அத்தனை வேகமாக அது நகர்ந்ததே இல்லை. டாக்டர் பார்த்திருந்தால் அமலராணியின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்.

"நான் அங்க வேலை பார்த்தேங்க ஐயா. எனக்கு ஒண்ணும் வந்ததில்லை. பதினாறு வருஷம் ஆச்சு. பாருங்க." அவள் எண்ணெய் வழியும் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அப்படிக் காட்டினதை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் கூசிப் போயிருக்கிறாள்.

"நேக்குத் தெரியறது அமலா. நான் படிச்சவன். ஆனா வீதின்னு ஒண்ணு இருக்கே" என்றார் அவர். லைசென்ஸை அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"இந்த விரலை நிமிர்த்தினது அங்க கத்துக்கிட்டதுதாங்க மாமி" என்றாள் ரங்கநாயகியைப் பார்த்து. ரங்கநாயகி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீதி வீதியாகப் போயிருந்தது. வக்கீல் வீட்டில் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஜன்னலைத் திறந்து கையாலேயே போகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஒரு வீடு மிச்சமில்லை. கைப்பையில் லைசென்ஸ் இருந்தது. திருச்சி ஜில்லாவில் எந்த உடம்பை வேண்டுமானாலும் சட்டப்படி தொடலாம் என்று அது சொன்னது.

டோரதிக்கும் தெரிந்துபோயிற்று. அவள் கோபப்படவில்லை. அம்மா பிசைந்து ஊட்டிய கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிற்பாடு அதற்காக அழுது மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தாயிற்று. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியவில்லை.

அமலராணி செயற்கை வைரம் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லைசென்ஸ் கேட்கவில்லை. சுற்றுகிற சக்கரத்தில் கடுகளவு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். விரல் நுனி தேய்ந்து காய்த்துப் போயிற்று.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம், ரங்கநாயகி வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அழகம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமி கூப்பிடுறாங்கக்கா. ஐயா மகன் வீட்டுக்கு டில்லி போயிருக்காரு, வர ரெண்டு மாசம் ஆகும். கொல்லைப் பக்கமா வரச் சொன்னாங்க. யாருக்கும் தெரியாது."

"கை எப்படி இருக்கு?"

"மூணு விரல் திரும்ப மடங்கிருச்சுக்கா. ராத்திரியெல்லாம் வலின்னு அழுவுறாங்க." சற்றுத் தயங்கிவிட்டு, "அந்தப் பேப்பரை மட்டும் எடுத்துட்டு வரவேண்டாம்னாங்க" என்றாள்.

அமலராணிக்குக் கோபம் மூண்டது. பேப்பர் இல்லாமல் வராதே என்றவர்கள். பேப்பரைப் பார்த்து விரட்டினவர்கள். இப்போது பேப்பர் வேண்டாம், கை மட்டும் வந்தால் போதுமாம்.

"லைசென்ஸ் இல்லாம ஒரு உடம்பைத் தொட்டா கேஸுன்னு ஐயாதான் எனக்குப் படிச்சுச் சொன்னாரு. அதை மாமிக்கு ஞாபகப்படுத்து" என்றாள். "இன்னொண்ணும் சொல்லு. வந்தா வாசல் வழியாத்தான் வருவேன். லைசென்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டு வருவேன்."

அழகம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த பேச்சு. பேசினதும் குளிர்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் வரைக்கும் குளிர்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு, எந்த மூன்று விரல் என்று கேட்காமல் விட்டோமே என்ற நினைப்பு பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் மடங்கியிருந்தால் ஒரு மாதத்தில் நிமிர்த்திவிடலாம். இன்னும் ஆறு மாதம் போனால் யாராலும் முடியாது. பட்டறை வாசலில் நிழல் விழுந்தபோதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதில் இரண்டு கல் பாழாயிற்று.

அடுத்த வாரம் அழகம்மாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இன்னொரு தரம் வந்து கூப்பிட்டிருந்தால், அமலராணி கொல்லைப் பக்கமாகவே போயிருப்பாள்.