மூடியாச்சு என்றேன்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஓசூரில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். செல்விக்குச் சொந்த ஊர் கல்லாவி, இங்கே ஓர் ஆலையில் வேலை. வருகைப்பதிவுச் செயலியை ஆலை அவரவர் போனிலேயே போடச் சொல்லியிருந்தது. ஷிப்ட் முடிந்த பிறகும் ஆள் எங்கே போகிறாள் என்று அது பார்ப்பதாக அவளுக்குச் சந்தேகம். அவளும் சில பெண்களும் சங்கம் வைப்பது பற்றி ரகசியமாகக் கூடிப் பேசி வந்தார்கள்.

“கூட்டத்துக்குப் போறப்போ போனை ரூம்லயே வெச்சிட்டுப் போறேங்கணா. ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கூப்பிட்டா எடுக்க முடியல.”

நான் மார்தட்டினேன். ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறோர் இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்றேன். அதிலும் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும். ஆனால் தனி அறையில் அடைத்து வைத்துத்தான் ஓட்டும். வெளியே இருக்கும் படங்கள், எண்கள், நாம் நிற்கும் இடம்... எதுவும் உள்ளே தெரியாது, நாமாகக் கதவைத் திறந்துவிட்டால் ஒழிய. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பொய் பிறகுதான் வந்தது. இருப்பிடம் தெரியாமல் அந்தச் செயலி வேலை செய்ய மறுத்தது. ஆலைக்குள் போகும்போது திறந்து, வெளியே வந்ததும் மூடிவிடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொன்னால் என் பெருமை என்னாவது? ‘எப்போதும் அனுமதி’யைத் தட்டிவிட்டேன்.

“எல்லாம் மூடியாச்சாங்கணா?”

“மூடியாச்சும்மா. தைரியமா எடுத்துக்கினு போ.”

எடுத்துக்கொண்டுதான் போனாள். பழைய போனாகவே விட்டிருந்தால் அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பாள் அல்லவா? என்னை நம்பித்தானே...

சில வாரங்களில் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திகிரியில் யார் வீட்டுக்குப் போகிறாய் என்றார். கூட்டம் நடக்கும் தெருவைக்கூடச் சொன்னாராம். அன்றோடு வேலை முடிந்தது.

கடைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“போன்ல தப்பில்லீங்கணா. என் ரூம்ல இருக்கற ராணிதான் போட்டுக் குடுத்துட்டா. ஒரே தட்டுல சாப்பிட்டவ. இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அப்போதாவது வாயைத் திறந்தேனா? கடைப் பெயர் கெட்டுவிடுமே! போனை வாங்கிச் சோதிப்பதுபோல் நடித்து, அவள் எதிரிலேயே அந்த அனுமதியை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

செல்வி ஊருக்குப் போய்விட்டாள். போன மாதம் அதே ஆலையிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். உங்களை நம்பிப் போனைக் கொடுக்கலாம் என்று செல்வி அக்கா சொன்னதாம். இந்த முறை ஒவ்வொன்றாக மூடினேன், எப்போது திறப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். அதனால் என்ன? யாருக்கு என்ன திரும்பக் கிடைத்தது?

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.

“அந்த ராணி வந்தா மட்டும் எதுவும் சொல்லிடாதீங்கணா. காட்டிக் குடுக்கறவ.”

சரிம்மா என்றேன்.